பழைய ஸ்பிளெண்டர் ஒயரிங்குக்கு இந்த மஞ்சள் மல்டிமீட்டர் போதுமா?

முகப்பில் டிடி830டி என்று அச்சிட்ட, உள்ளங்கை அளவு மஞ்சள் மல்டிமீட்டரைப் பார்க்காதவர்கள் குறைவு. சென்னை ரிச்சி தெருவில் மட்டுமல்ல, சின்ன ஊர் எலெக்ட்ரிக்கல் கடையிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பழைய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர், பேஷன் போன்ற வண்டிகளில் கரண்ட் கோளாறையும் பெட்ரோல் முள் கோளாறையும் கண்டுபிடிக்க இது போதுமா என்றால், போதும். ஆனால் எந்த இடத்தில் இது தப்பான எண்ணைக் காட்டும் என்று தெரியாமல் வாங்கினால், நல்ல ரெக்டிஃபையரையும் (பேட்டரிக்கும் லைட்டுக்கும் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் யூனிட்) நல்ல காயிலையும் கழற்றிப் போட வைத்துவிடும்.

வாங்கும்போது பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். இதே பெயரில் பல தயாரிப்புகள் வருகின்றன. டயலில் பஸ்ஸர் குறி (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் வசதி) இருக்கிறதா என்று பார்த்து, மீட்டர் ஒயர்களின் இரண்டு புரோப் முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுச் சத்தம் வருகிறதா என்று கடையிலேயே கேளுங்கள். டேங்குக்கு அடியில் கையை விட்டு ஒயர் தேடும்போது திரையைப் பார்க்க முடியாது, காதுதான் உதவும்.

இதன் பெரிய பலவீனம் உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி. அது இறங்க இறங்க, மீட்டர் காட்டும் எண் ஏறும். 12.2 வோல்ட்டில் பாதி காலியாகக் கிடக்கும் வண்டி பேட்டரியை 13 என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டு "பேட்டரி நல்லா இருக்கு, ரெக்டிஃபையரை மாத்து" என்ற முடிவுக்குப் போய்விடுவார்கள். எல்லா மாடலிலும் லோ பேட்டரி குறி வருவதில்லை. அதனால் வேலையைத் தொடங்குமுன் ஒரு புது பென்டார்ச் செல்லை அளந்து பாருங்கள். 1.5-இலிருந்து 1.6-க்குள் வர வேண்டும். 1.8 என்று வந்தால் முதலில் மாற்ற வேண்டியது மீட்டரின் பேட்டரியை.

இரண்டாவது, ஓம் அளவு. 200 ஓம் வரம்பில் புரோப்களைச் சேர்த்துப் பிடித்தாலே 0.3, 0.5 என்று ஏதாவது காட்டும். அது ஒயரின் தடை. மேக்னெட்டில் (எஞ்சின் சுற்றும்போது கரண்ட் தயாரிக்கும் பகுதி) லைட் காயிலும் சார்ஜிங் காயிலும் ஒரு ஓமோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும் என்பதால், அவை ஷார்ட்டா நல்லதா என்று இந்த மீட்டரை வைத்துச் சொல்லவே முடியாது. அறுந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம். பிளக் எப்போது பொறி விட வேண்டும் என்று சைகை தரும் பல்ஸர் காயிலுக்கு ஓம் அதிகம், அங்கே இந்த அரை ஓம் பிழை பொருட்டில்லை.

வோல்ட் அளப்பதில்தான் இது காசுக்கு மேல் உழைக்கிறது. டயலை டிசி 20-இல் வையுங்கள். ராத்திரி முழுக்க நிறுத்திய வண்டியில் 12.6-க்கு மேல் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். இறங்கிய பேட்டரியோடு செய்யும் எந்தச் சோதனைக்கும் அர்த்தமில்லை. ஹாரன் அடிக்கும்போது 11-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி ஓய்ந்துவிட்டது. எஞ்சினை ஓட்டி ஆக்ஸிலேட்டரை ஏற்றினால் 13.5-இலிருந்து 15-க்குள் நிற்க வேண்டும். எண் நிலையில்லாமல் தாவினால் மீட்டரைக் குறை சொல்லாதீர்கள். பிளக் கேப்பைப் பாருங்கள். ரெசிஸ்டர் இல்லாத பிளக்கும் கேப்பும் கிளப்பும் இரைச்சல் மீட்டருக்குள் புகுந்துவிடும்.

ஹெட்லைட் பல்ப் அடிக்கடி போகிறது என்று வரும் வண்டிகளில் நேராக ரெக்டிஃபையர் யூனிட்டை மாற்றுவது வழக்கமாகிவிட்டது. பாதி நேரம் குற்றம் அதன் பச்சை ஒயரில் இருக்கும். ஹோண்டா ஒயரிங்கில் பச்சைதான் எர்த், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி. கறுப்பு, சாவி போட்டால் லைவ். கறுப்பை எர்த் என்று நினைத்துச் சுற்றி ஒட்டிய வண்டிகள் ஏராளம். யூனிட்டின் எர்த் விட்டுப்போனால் அதனால் வோல்ட்டைக் கட்டுப்படுத்த முடியாது, பல்ப் வெடிக்கும். யூனிட் அப்படியே இருக்க, எர்த்தை மட்டும் சுத்தம் செய்து பாருங்கள்.

எர்த்தைச் சோதிக்க பஸ்ஸர் வைக்காதீர்கள். ஒரே ஒரு இழையில் தொங்கும் ஒயரும் பீப் அடிக்கும். டயலை டிசி 2000 மில்லிவோல்ட்டில் வைத்து, கறுப்பு புரோப்பை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பை டெயில் லைட் ஹோல்டரின் இரும்பிலும் பிடித்து, பிரேக்கை மிதியுங்கள். 100-க்குள் இருந்தால் நல்லது. 300-ஐத் தாண்டினால் வழியில் எங்கோ அடைப்பு. பெரும்பாலும் அது ஹெட்லைட் டூமுக்குள் (ஹெட்லைட்டின் கூடு), பச்சை ஒயர்கள் ஒன்றுசேரும் புல்லட் கனெக்டரில் (உருண்டை முனையைச் சொருகும் இணைப்பு) இருக்கும். பச்சை ஒயரில் பச்சைக் களிம்பு ஏறியிருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். கனெக்டரின் ரப்பர் உறையைப் பின்னுக்கு இழுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பித்தளையின் விளிம்பில் மாவு போல உதிரும். மெல்லிய சாண்ட்பேப்பரால் தேய்த்து, வாஸ்லைன் தடவிச் சொருகினால் போதும். மேலே டேப் சுற்றினால் ஈரம் உள்ளேயே நிற்கும்.

பெட்ரோல் முள்ளும் இதே எர்த்தை நம்பி இருக்கிறது. இண்டிகேட்டர் சிமிட்டும் தாளத்துக்கு முள்ளும் ஆடினால் ஃப்ளோட்டை (டேங்குக்குள் மிதந்து பெட்ரோல் அளவை முள்ளுக்குச் சொல்லும் பாகம்) வாங்கக் கிளம்பாமல் மேலே சொன்ன கனெக்டருக்குப் போங்கள். முள் அசையவே இல்லையென்றால் டேங்குக்கு அடியில் ஃப்ளோட்டின் கப்ளரைக் கழற்றி, சாவியைப் போட்டு, வண்டிப் பக்கத்து இரண்டு பின்களையும் சின்ன ஒயரால் சில நொடி சேருங்கள். முள் எஃப் பக்கம் ஏறினால் மீட்டர் போர்டும் ஒயரிங்கும் நலம், கோளாறு ஃப்ளோட்டில். டேங்கைக் காலி செய்து, நெருப்பு இல்லாத திறந்த வெளியில் ஃப்ளோட்டைக் கழற்றுங்கள். மீட்டரை 200 ஓமில் வைத்து, மிதவையை மெதுவாக மேலே தூக்குங்கள். எண் தொடர்ச்சியாகக் குறைந்துகொண்டே வர வேண்டும். நடுவில் எங்காவது 1 என்று மட்டும் (இணைப்பு அறுந்ததற்கான குறி) காட்டிவிட்டு மறுபடி எண் வந்தால், அந்த இடத்தில் ஃப்ளோட்டின் முனை உரசி ஓடும் பாதை தேய்ந்துவிட்டது. அரை டேங்கில் மட்டும் முள் விழுவதற்கு இதுதான் காரணம். மிதவையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் அது மிதக்காது, டேங்க் நிறைந்திருந்தாலும் காலி என்றே காட்டும்.

10 ஆம்ப் துளையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அதற்கு ப்யூஸ் கிடையாது. ஆம்ப் அளந்துவிட்டு சிவப்பு ஒயரை அங்கேயே விட்டு, அடுத்து வோல்ட் பார்க்க பேட்டரியில் வைத்தால் நேரடி ஷார்ட். புரோப் ஒயர் கையிலேயே உருகும். நிற்கும் வண்டியில் பேட்டரியிலிருந்து கரண்ட் கசிகிறதா என்று பார்ப்பதற்கு, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை வைத்து, சாவியை மூடி, முதலில் 10 ஆம்பில் பார்த்துவிட்டு அப்புறம் மில்லிஆம்ப் துளைக்கு மாறுங்கள். கடிகாரமோ அலாரமோ இல்லாத இந்த வண்டிகளில் பூஜ்யம்தான் வர வேண்டும். 10 மில்லிஆம்ப் கசிந்தாலும் 2.5 ஆம்ப்-அவர் பேட்டரி பத்து நாளில் செத்துவிடும். ரெக்டிஃபையரின் கப்ளரைக் கழற்றியதும் கசிவு நின்றால் குற்றவாளி அதுதான்.

ஸ்பீடோமீட்டர் முள் துடிப்பதற்கும் இந்த மீட்டருக்கும் சம்பந்தமில்லை, கேபிளைக் கழற்றி கிரீஸ் போடுங்கள். பிளக் ஒயரில் புரோப்பை வைக்கவே வைக்காதீர்கள்.

கூடவே 12 வோல்ட் 10 வாட் இண்டிகேட்டர் பல்ப் ஒன்றில் இரண்டு ஒயர் பற்றவைத்து, முனையில் முதலைக் கிளிப் மாட்டி வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் 12 என்று காட்டும் இடத்தில் அந்த பல்ப் மங்கலாக எரிந்தால், ஒயருக்குள் செம்பு அரித்துப்போயிருக்கிறது.