பெட்டி பேஜ் ரிவீல்ஸ் ஆல்: அந்தக் குரலுக்காகவே பாக்கலாம்

1950கள் அமெரிக்கப் பின்-அப் போட்டோன்னாலே (செவுத்துல ஒட்டி வைக்கிற கவர்ச்சிப் படம்) ஞாபகம் வர்ற நெத்தி மறைச்ச கருப்பு முடி மாடல் பெட்டி பேஜ் பத்தின டாக்குமெண்டரி இது, மார்க் மோரி எடுத்தது, 2012ல வந்துச்சு. இதுல ஸ்பெஷலே கதைய பெட்டியே சொல்றதுதான், வயசான காலத்துல குடுத்த பேட்டியோட ஆடியோ. வயசான முகத்த யாரும் பாக்க வேணாம்னுட்டாங்க, அதனால ஸ்க்ரீன்ல முப்பது வயசுப் பொண்ணு கண்ணடிக்குது, காதுல கரகரன்னு ஒரு பாட்டி டென்னசி இழுவைல பேசுது, அது என்னமோ பண்ணுது நம்மள.

1923ல நாஷ்வில்ல பொறந்து, வறுமை, கொஞ்ச நாள் அனாதை இல்லம், அப்பாவே பண்ண கொடுமை, எல்லாத்தையும் தாண்டி டிகிரி முடிச்சவங்கப்பா. 1950ல நியூயார்க் கோனி ஐலண்ட் பீச்ல போட்டோ கிறுக்கு புடிச்ச போலீஸ்காரர் ஜெர்ரி டிப்ஸ் பாத்துட்டு, உனக்கு நெத்தி பெருசு முடிய முன்னாடி வெட்டி விடுன்னாராம், இன்னைக்கு வரைக்கும் பொண்ணுங்க சலூன்ல கேக்குற கட்டிங் அது. போஸ் குடுத்த பிகினியெல்லாம் நெறைய அவங்களே தச்சது. அர்விங் க்ளாங்கறவர் இவங்களக் கயிறால கட்டி எடுத்து தபால்ல வித்த படங்களப் பத்தியும் வெக்கமோ பெருமையோ இல்லாம ஏதோ ஆபீஸ் போய்ட்டு வந்த மாதிரி சொல்றாங்க. இந்த மாதிரி ஆபாசப் படங்களப் பத்தி அமெரிக்க செனட் விசாரணை வந்ததும் க்ளா பயந்து நெகட்டிவ்வ எரிச்சிட்டாரு, அவரோட தங்கச்சி பவுலா ஒளிச்சு வச்சதுதான் நாம இப்ப பாக்குறது.

1957ல எல்லாத்தையும் விட்டுட்டுப் போய்ட்டாங்க. அப்புறம் சர்ச், முறிஞ்ச கல்யாணங்க, ஸ்கிஸோஃப்ரினியாங்கற மனச்சிதைவு நோய், இவங்களே கத்தியால குத்துன கேஸ். 80கள்ல டேவ் ஸ்டீவன்ஸ் காமிக்ஸ்ல இவங்க முகத்த வரைஞ்சு ஊரே திரும்ப கொண்டாடுறப்போ இவங்க கலிஃபோர்னியால மனநல ஆஸ்பத்திரில, வெளில நடக்குறதே தெரியாது. போஸ்டர், டீசர்ட்டுன்னு யார் யாரோ சம்பாதிச்சாங்க, இவங்களுக்குக் காசு வந்தது வயசான பெறகுதான். எனக்கு இந்தப் பகுதிதான் இன்னும் நிதானமா வேணும். அத விட்டுட்டு பிரபலங்க வரிசையா வந்து எனக்குப் பெட்டின்னா உயிருன்னு சொல்றது போர், ப்ளேபாய் பத்திரிகை ஆரம்பிச்ச ஹெஃப்னர், பர்லெஸ்க் கவர்ச்சி டான்ஸர் டீட்டா வான் டீஸ் ஓகே, மத்தவங்கள்ல பாதி பேரக் கத்தரிச்சிருக்கலாம்.

5க்கு 3.5. நிர்வாணப் படங்க நெறைய வருது, ஹால்ல குடும்பத்தோட போட்றாதீங்க. பாட்டி பேசுற இங்கிலீஷ் சட்டுனு புரியாது, சப்டைட்டில் இருந்தா ஆன் பண்ணிக்கோங்க.