வெப் டிசைனுக்கு எந்தக் கம்ப்யூட்டர்? தென்காசி, செங்கோட்டைப் பக்கம் வாங்குவோருக்கு

வெப் டிசைன் வேலைக்கு என்று சொன்னதும் பல கடைகளில் கேமிங் லேப்டாப்பைத்தான் எடுத்து வைப்பார்கள். அது வேண்டாம். வடிவம் போட ஃபிக்மா, கோட் எழுத விஎஸ் கோட், இருபது டேப் திறந்த குரோம், மெஷினிலேயே ஓடும் ஒரு வேர்ட்பிரஸ். இவ்வளவுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. 16 ஜிபி ராம், என்விஎம்இ எஸ்எஸ்டி எனும் வேகமான சேமிப்பு, நிறத்தை உள்ளபடி காட்டும் திரை, இந்த மூன்றும் இருந்தால் போதும். 8 ஜிபி ராமில் ஃபிக்மாவும், சைட்டை மெஷினிலேயே ஓட்டிப் பார்க்க உதவும் டாக்கரும் சேர்ந்து திறந்தால் ராம் நிரம்பி, மீதியை எஸ்எஸ்டியில் எழுதி எழுதி எடுக்க ஆரம்பிக்கும். தட்டிய எழுத்து அரை நொடி கழித்துத் திரைக்கு வரும். புராசஸர் ஒரு படி குறைந்தால் பரவாயில்லை, ராமில் குறைக்கக் கூடாது.

திரைதான் இந்த வேலையின் கண். விலை குறைந்த லேப்டாப் பலவற்றில் 45 சதவீத என்டிஎஸ்சி (எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கான ஓர் அளவு) என்று குறித்த பேனல்தான் வரும். வெப்பின் நிறங்கள் எஸ்ஆர்ஜிபி என்ற நிற வரம்பின் கணக்கில் எழுதப்படுபவை. இந்தப் பேனல் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் காட்டும். குங்குமச் சிவப்பு செங்கல் நிறமாக இறங்கும். அதைச் சரிசெய்கிறோம் என்று சிவப்பைக் கூட்டினால், சைட் செய்யச் சொன்ன கடைக்காரர் தன் போனில் திறந்து பார்க்கும்போது கண் கூசும்.

இன்னொன்றைக் கடையிலேயே சோதிக்கலாம். வெள்ளைப் பின்னணியில் மிக மெல்லிய சாம்பல் நிறப் பெட்டி ஒன்றைத் திறந்து வைத்து, திரையை மெதுவாக முன்னும் பின்னும் சாயுங்கள். டிஎன் எனும் மலிவு வகைப் பேனலாக இருந்தால் ஒரு கோணத்தில் பெட்டியின் விளிம்பு வெள்ளையோடு கரைந்துபோகும்; இன்னொரு கோணத்தில் அழுக்குப் போலத் தெரியும். ஐபிஎஸ் பேனலில் எந்தக் கோணத்திலும் அந்தக் கோடு நிற்கும். ஆகவே லேப்டாப் எதுவானாலும், 99 சதவீத எஸ்ஆர்ஜிபி என்று குறித்த 24 இன்ச் ஐபிஎஸ் மானிட்டர் ஒன்றைச் சேர்த்து வாங்குங்கள். புராசஸரில் மிச்சம் பிடிக்கும் பணத்துக்கு இதைவிட நல்ல செலவு இல்லை.

இந்தப் பக்கத்து வேலையில் இன்னொரு கணக்கும் உண்டு. புளியரை தாண்டினால் கேரளம்: ஆரியங்காவு, தென்மலை, புனலூர். அந்தப் பக்கத்து ஹோம்ஸ்டேக்கும் மசாலாக் கடைக்கும் சைட் செய்தால் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றும் ஒரே பக்கத்தில் உட்கார வேண்டும். எழுத்துருவைத் தனியாக ஏற்றாவிட்டால் தமிழுக்கு விண்டோஸ் நிர்மலாவை எடுக்கும், ஆப்பிள் தமிழ் சங்கம் எம்என் எடுக்கும், ஆண்ட்ராய்டு பெரும்பாலும் நோட்டோவை எடுக்கும். மூன்றுக்கும் அகலம் வேறு, உயரம் வேறு. ஒன்றில் ஒரு வரியில் அடங்கிய மெனு இன்னொன்றில் இரண்டு வரியாக உடையும். மலையாளத்தில் சிக்கல் கூடுதல்: மஞ்சரி, ரச்சனா போன்றவை பழைய லிபிப்படி கூட்டெழுத்தை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்குபவை. ஆங்கிலத்துக்கு வைத்த, எழுத்தளவைப் போல 1.2 மடங்கு வரி உயரத்தில் அந்த அடுக்கு கீழ்வரியை இடிக்கும்; 1.6 வைத்துப் பார்த்து அங்கிருந்து திருத்துவது நல்லது.

இதைக் குரோமில் இருக்கும் ஐபோன் மோடில் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. அது திரையின் அளவையும் பிரவுசர் சொல்லிக்கொள்ளும் பெயரையும்தான் மாற்றும். உள்ளே ஓடுவது குரோமின் இன்ஜின்தான். ஐபோனின் பிரவுசரான சஃபாரியை விண்டோஸுக்கு வெளியிடுவதை ஆப்பிள் 2012லேயே நிறுத்திவிட்டது. பழைய ஐபோன் ஒன்று கையில் இருந்தால் பக்கம் எப்படித் தெரிகிறது என்று பார்க்கலாம். ஆனால் ஆப்பிள் தரும் இன்ஸ்பெக்டரில் ஐபோன் பக்கத்தைத் திறந்து எந்த வரியில் பிழை என்று தேட ஒரு மேக் வேண்டும்.

அதற்காக மேக் வாங்குவதென்றால் மேக்புக்கைவிட, திரையில்லாத சின்னப் பெட்டியான மேக் மினியைத்தான் சொல்வோம். எம்4 சிப் போட்ட மாடல் 2024ல் 16 ஜிபி ராம், 256 ஜிபி சேமிப்போடு 59,900 ரூபாய்க்கு வந்தது. வேகத்தில் குறை சொல்ல இடமில்லை. கவனிக்க வேண்டியவை இரண்டு. ராமைப் பின்னால் கூட்ட முடியாது. அடுத்து, 2018ல் வந்த மொஹாவி பதிப்பிலிருந்து மேக்ஓஎஸ் சாதாரண மானிட்டர்களில் எழுத்தை முன்புபோலக் கூர்மையாக்கிக் காட்டுவதில்லை. 24 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டரில் ‘ண’, ‘ஞ’ போன்ற சுழி எழுத்துகள் கொஞ்சம் மசங்கித் தெரியும். 27 இன்ச் 4கே மானிட்டரில்தான் மேக் மினிக்கு முழு மரியாதை. கீபோர்டு, மவுஸும் தனி. எல்லாம் கூட்டினால் செலவு எங்கே போய் நிற்கும் என்று முதலிலேயே கணக்குப் போடுங்கள்.

புதிதாகத் தொழில் தொடங்குபவருக்கு எங்கள் முதல் சிபாரிசு ரீஃபர்பிஷ்டு, அதாவது நிறுவனங்கள் பயன்படுத்தியதைச் சரிசெய்து விற்கும் பிசினஸ் லேப்டாப்: தின்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 7490, எச்பி எலைட்புக் 840 ஜி5 வகைகள். மூன்றிலும் ராமுக்கு இரண்டு ஸ்லாட் உண்டு, திருகைக் கழற்றி நாமே மாற்றலாம். எட்டாம் தலைமுறை இன்டெல் போட்டதாகப் பார்த்து எடுத்தால் விண்டோஸ் 11 முறையாக ஏறும். ஏழாம் தலைமுறையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்க வேண்டாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

வாங்கும் இடத்தில் அவசரம் கூடாது. டி480ல் 1366க்கு 768 திரை போட்டவையும் சந்தையில் திரிகின்றன. ஃபுல் எச்டி ஐபிஎஸ்தானா என்று டிஸ்பிளே செட்டிங்ஸைத் திறந்து, திரையைச் சாய்த்தும் பாருங்கள். டைப்-சி வழியே சார்ஜ் ஏறுகிறதா என்று செருகிப் பாருங்கள். போர்ட்டின் உள் மென்பொருளான தண்டர்போல்ட் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்காத டி480களில் அந்த போர்ட் செயலிழப்பதுண்டு. விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, தயாரித்தபோது இருந்த கொள்ளளவில் இப்போது 70 சதவீதமாவது மிச்சமிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். கடைசியாக, விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸ் செட்டிங்கில் பாஸ்வேர்டு இல்லை என்பதையும், விண்டோஸை ரீசெட் செய்து இணையத்தில் இணைத்தால் ஏதோ ஒரு கம்பெனியின் லாகின் பக்கம் வரவில்லை என்பதையும் உறுதி செய்யுங்கள். வந்தால் அந்த மெஷின் இன்னும் பழைய நிறுவனத்தின் பூட்டில் இருக்கிறது என்று பொருள். விலை பேசாமல் வைத்துவிடுங்கள்.

ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்பவருக்கு அசெம்பிள் டெஸ்க்டாப்தான் காசுக்குக் கூடுதல் வேகம் தரும். புராசஸருக்கு ரைசன் 5 5600ஜி அல்லது ஐ5-12400 தாராளம். பெயரின் கடைசி எழுத்தைப் படியுங்கள். 12400எஃப் என்று இருந்தாலும், ‘ஜி’ இல்லாத வெறும் 5600 என்று இருந்தாலும் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு போடாமல் திரையில் படமே வராது. ராமை 16 ஜிபி ஒற்றைக் குச்சியாக அல்லாமல் 8 ஜிபி இரண்டாகப் போடுங்கள். உள் கிராஃபிக்ஸ் அந்த ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது, இரண்டு குச்சி இருந்தால் பாதை இரட்டிப்பாகும்.

டெஸ்க்டாப்புக்கும் மேக் மினிக்கும் இங்கே எதிரி கரண்ட். ஆடிக்காற்றில் கம்பி உரசி ஒரு நொடி போய் வந்தாலும் மெஷின் அணைந்துவிடும். வீட்டு இன்வெர்டர் இருந்தால் அதில் உள்ள சுவிட்சை யுபிஎஸ் மோடுக்கு மாற்றுங்கள்; சாதாரண மோடில் பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரம் கூடுதல், அதற்குள் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். ஆனால் யுபிஎஸ் மோடில் வோல்டேஜ் 180 அளவுக்குக் கீழே இறங்கினாலே இன்வெர்டர் பேட்டரிக்குப் போய்விடும். வோல்டேஜ் அடிக்கடி குறையும் தெருவில் மாலைக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் கம்ப்யூட்டருக்கு மட்டும் 600 விஏ யுபிஎஸ் தனியாக வைப்பதே சரி. லேப்டாப்பில் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. பேட்டரியே யுபிஎஸ்.

சாரல் மாதங்களில் ஈரக்காற்று ராம் காலில் படிந்து, டெஸ்க்டாப் பீப் அடித்துத் திரை வராமல் நிற்பதுண்டு. கரண்டைப் பிடுங்கிவிட்டு, ராமைக் கழற்றி, தங்க நிறக் காலை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துப் போட்டால் பெரும்பாலும் ஏறிவிடும். வேலை இல்லாத நாளிலும் ஒரு மணி நேரம் ஓட விடுவது நல்லது.

குரோம்புக் வேண்டாம், விண்டோஸ் ஃபோட்டோஷாப் அதில் ஏறாது. ஆல்-இன்-ஒன்னும் வேண்டாம், திரை போனால் கம்ப்யூட்டரும் சேர்ந்து கடைக்குப் போகும்.

புதியது வாங்கினால் ஆன்சைட் வாரண்டி உங்கள் பின்கோடுக்கு உண்டா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு பழுதுக்கும் திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டிவரும். பழையது வாங்கினால் சீரியல் நம்பர், ராம் அளவு, திரை வகை, கடை தரும் வாரண்டி மாதம், நான்கையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.