யானைமலையும் அமிர்தவர்ஷினியும்: மதுரையில் வரையச் சொல்லி வாங்கிய ஆயில் பெயின்டிங்

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு மோதிரம், வேட்டி என்று என்னென்னவோ யோசித்துவிட்டுக் கடைசியில் ஒரு ஆயில் பெயின்டிங் வரையச் சொன்னேன். அவருக்கு அமிர்தவர்ஷினி என்றால் உயிர். சித்திரை வெயிலில் மொட்டைமாடிச் சூடு ராத்திரி வரைக்கும் இறங்காத நாட்களில் அந்த ராகத்தைப் போட்டுவிட்டு யானைமலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார், ஒத்தக்கடையில் வீடு என்பதால் மலை எதிரேயே படுத்திருக்கும். இதைத்தான் ஓவியரிடம் சொன்னேன். மூன்றடிக்கு இரண்டடி கேன்வாஸ், சட்டத்தோடு 18,000 ரூபாய்.

நான் எதிர்பார்த்தது மழை. எட்டயபுரம் போகிற வழியில் காய்ந்து கிடந்த பூமியைப் பார்த்து முத்துசுவாமி தீட்சிதர் இந்த ராகத்தில் பாட, மழை கொட்டியது என்ற கதை நம் பக்கம் பலருக்கும் தெரியும். மலைமேல் மழை இறங்குகிற மாதிரி கேட்டேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "மழை வந்துட்டா தீட்சிதர் பாடவே வேண்டாமே தம்பி, அவர் பாட ஆரம்பிக்கும்போது வானம் எப்படி இருந்திருக்குமோ அதை வரையுறேன்" என்றார்.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அமிர்தவர்ஷினியில் ச, க, ம, ப, நி என்று ஐந்தே ஸ்வரங்கள், ரிஷபமும் (ரி) தைவதமும் (த) கிடையாது. அதனால் இவரும் ஐந்தே ட்யூப் எடுத்துக்கொண்டார்: அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு, மஞ்சள் ஓக்கர், அலிசரின் சிவப்பு, டைட்டானியம் வெள்ளை. பச்சையும் கறுப்பும் தொடவில்லை. மேகத்தின் கருமை முழுக்க நீலத்தையும் சியன்னாவையும் கலந்து வந்தது, ட்யூபில் வருகிற கறுப்பு மாதிரி செத்துக் கிடக்காமல் அந்தச் சாம்பல் நிறம் ஒரு பக்கம் நீலமாகவும் இன்னொரு பக்கம் செம்பழுப்பாகவும் சாய்கிறது. வயலுக்கு நீலமும் ஓக்கரும் சேர்ந்தால் மங்கலான ஒரு பச்சைதான் கிடைக்கும், மழைக்கு ஏங்கும் நிலத்துக்கு அதுவே சரியாக அமைந்துவிட்டது. நடுவில் ரி இல்லாமல் சட்ஜத்திலிருந்து (ச) காந்தாரத்துக்கு (க) ராகம் தாவுகிற மாதிரி, வெளிறிய பாறையிலிருந்து இருண்ட வானத்துக்கு நடுவில் எந்தச் சாயலும் வைக்காமல் தாவியிருக்கிறார். அந்த ஓரத்தைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. முன்னால் நிற்கும் பனைமரங்களில் ஓலை ஓலையாக வரைந்து வைத்திருக்கிறார், மேலே இருக்கும் அமைதிக்கு அது ஒட்டவே இல்லை. இரண்டு மரம் போதும், ஏழு நிற்கின்றன.

ஒரு மாதம் என்று சொல்லிப் பத்து வாரம் ஆக்கினார். விசேஷத்துக்கு நான்கு நாள் முன்னால் வரைக்கும் எனக்குத் தூக்கமில்லை. ஆனால் இந்தத் தாமதத்தில் பாதி ஆயில் பெயின்டின் குணம். அது தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. மெல்லிய பூச்சுக்கே சில நாட்கள் வேண்டும், பெயின்ட் அப்பும் கத்தியால் தடிமனாக அப்பிய இடம் உள்வரை இறுக மாதக்கணக்காகும். அடிப்பூச்சில் பெயின்டை நீர்க்க வைக்கிற டர்பன்டைனும் மேலே போகப்போக எண்ணெயும் அதிகமாக இருக்க வேண்டும், மாறிப்போனால் பின்னால் வெடிப்பு விடும். இதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்திருந்தால் நான் இரண்டு மாதம் முன்னாலேயே போயிருப்பேன்.

உண்மையில் கோபம் வந்தது பேக்கிங்கில்தான். மேகம் முழுதாகக் காய்வதற்குள் பபிள் ஷீட்டை நேராக அதன்மேல் சுற்றி அனுப்பிவிட்டார், வலது மூலையில் வட்ட வட்டமாகத் தடம் விழுந்திருந்தது. போன் செய்ததும் அன்று சாயங்காலமே வண்டியில் வந்து, எங்கள் திண்ணையில் உட்கார்ந்து கத்தியால் சரிசெய்து கொடுத்தார், காசு வாங்கவில்லை. வாங்குகிறவர்கள் எதுவும் படத்தின்மேல் படாமல் நான்கு ஓரமும் கட்டை வைத்துக் கட்டித் தரச் சொல்லுங்கள்.

வார்னிஷ் இன்னும் அடிக்கவில்லை, ஆறு மாதம் கழித்து அவரே வந்து அடிப்பதாகப் பேச்சு. அதுவரை வெயில் நேராக விழாத கூடத்துச் சுவரில், அப்பாவின் ஈஸிசேருக்கு எதிரே மாட்டியிருக்கிறோம். பாட்டுப் போட இப்போது அவர் மாடிக்குப் போவதில்லை.