கிட்டா, மெர்க்குரியலா, சப்வெர்ஷனிலேயே இருந்துவிடலாமா?

கிட், மெர்க்குரியல், சப்வெர்ஷன் மூன்றும் கோடில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாற்றைச் சேமிக்கும் கருவிகள். பெரிய திறமூலத் திட்டம் ஒன்று சப்வெர்ஷனை விட்டு மாறலாமா என்று பேச ஆரம்பித்தால், எது வேகம், எதன் கட்டளை எளிது என்றே பேச்சு போகும். குலசேகரத்திலோ மார்த்தாண்டத்திலோ இருந்து அதற்குக் கோடு எழுதுகிறவரின் முதல் கேள்வி வேறு: பாதி இறங்கும்போது கரண்டு போனால் என்ன ஆகும்? ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் விழும் குமரி மாவட்டத்தில் அது நியாயமான கேள்வி.

இந்த ஒரு விஷயத்தில் சப்வெர்ஷன்தான் கெட்டி. செக்அவுட் (சர்வரிலிருந்து கோப்புகளை இறக்குவது) அறுந்தால் 'எஸ்விஎன் கிளீனப்', பிறகு 'எஸ்விஎன் அப்டேட்'. விட்ட இடத்திலிருந்து தொடரும். கிட் குளோன், அதாவது வரலாறு முழுவதையும் சேர்த்து இறக்குவது, அப்படியல்ல. 2 ஜிபியில் 1.9 வந்து அறுந்தாலும் திரும்பப் பூஜ்யத்திலிருந்துதான். இதற்கு இரண்டு வழி உண்டு. முதலில் 'டெப்த் 1' போட்டுக் கடைசி நிலையை மட்டும் குளோன் செய்து, பிறகு சர்வரிலிருந்து இழுக்கும் 'ஃபெட்ச்' கட்டளையில் 'டீப்பன்' கொடுத்து ஐந்நூறு ஐந்நூறு கமிட்டாக (பதிந்த மாற்றமாக)ப் பழைய வரலாற்றை இழுப்பது ஒன்று. இதைவிட நல்லது, திட்டத்துக்காரர்களே வரலாறு முழுவதையும் ஒன்றாகக் கட்டிய 'கிட் பண்டில்' கோப்பு ஒன்றைச் சர்வரில் போட்டுவைப்பது. அது சாதாரணக் கோப்பு என்பதால் அறுந்து அறுந்து இறக்கலாம். அதிலிருந்து குளோன் செய்து, ரிமோட் (திட்டத்தின் சர்வர்) முகவரியை மாற்றி, மிச்சத்தை மட்டும் ஃபெட்ச் செய்தால் முடிந்தது. லினக்ஸின் மையமான கெர்னலுக்கு இந்த வசதி இருக்கிறது. மாற்றத் திட்டத்தில் இந்த ஒரு வரி விடுபட்டால், மெதுவான நெட்டில் இருப்பவர்கள் சத்தமில்லாமல் விலகிவிடுவார்கள்.

ஒருமுறை இறக்கிவிட்டால் நிலைமை தலைகீழ். லாக் (மாற்றங்களின் பட்டியல்), பிளேம் (எந்த வரியை யார் எழுதினார் என்பது), பழைய பதிப்போடு ஒப்பிடுவது, கமிட் எல்லாமே கிட்டிலும் மெர்க்குரியலிலும் நெட் இல்லாமல் நடக்கும். சப்வெர்ஷனில் லாக் பார்க்கக்கூட சர்வர் வேண்டும். நாள் முழுக்க நெட் வராத ஊரில் சப்வெர்ஷன்காரர் கை கட்டி உட்கார வேண்டியதுதான்.

கரண்டு விஷயத்தில் கிட்டுக்கு இன்னொரு கோளாறும் உண்டு. யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் கமிட் செய்த அடுத்த நொடி மின்சாரம் போனால், கிட் தன் தரவை வைக்கும் சில ஆப்ஜெக்ட் கோப்புகள் 0 பைட்டாக வட்டில் நிற்கும். அடுத்த முறை 'ஆப்ஜெக்ட் ஃபைல் இஸ் எம்ப்டி' என்று கத்தும். பதறி முழுவதையும் அழிக்க வேண்டாம். 'டாட் கிட்' அடைவை நகல் எடுத்துவிட்டு, ஆப்ஜெக்ட்ஸ் அடைவிலுள்ள 0 பைட் கோப்புகளை மட்டும் அழித்து, ஃபெட்ச் செய்து, சேதம் மிச்சமா என்று பார்க்கும் 'எஃப்எஸ்செக்' ஓட்டுங்கள். கிளையின் கடைசி கமிட்டைச் சுட்டும் ரெஃப் கோப்பும் காலியாகியிருந்தால், லாக்ஸ் அடைவின் ஹெட் கோப்பில் கடைசி கமிட்டின் ஹாஷ் (அடையாள எண்) கிடைக்கும். கிட் 2.36 பதிப்பு முதல் 'கோர் எஃப்சிங்க்' அமைப்பில் 'கமிட்டட்' என்று வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

மெர்க்குரியலுக்கு வருவோம். லினக்ஸ் கெர்னல்காரர்கள் அதுவரை பயன்படுத்திய பிட்கீப்பர் கருவியின் இலவச உரிமம் அவர்களிடமிருந்து போனதும், 2005 ஏப்ரலில் கிட்டும் இதுவும் இரட்டைபோலப் பிறந்தன. சப்வெர்ஷனில் பழகிய கைக்கு மெர்க்குரியல் கட்டளைகள் அதிகம் ஒத்துப்போகும். வெளியிட்ட கமிட்டைத் தவறுதலாகத் திருத்த விடாத 'ஃபேஸ்' ஏற்பாடு கிட்டில் இல்லாத அருமை. ஆனாலும் இன்று அதற்கு மாறச் சொல்ல மனம் வரவில்லை. பைத்தான் மொழித் திட்டம் 2011இல் சப்வெர்ஷனிலிருந்து மெர்க்குரியலுக்குப் போய், 2017இல் கிட்டுக்கு வந்தது. ஈமேக்ஸ் எடிட்டர் 2009இல் பசார் என்ற இன்னொரு கருவிக்குப் போய், 2014இல் கிட்டுக்கு வந்தது. இரண்டு தடவை வீடு மாற்றிய செலவு. ஜாவாவின் திறமூல வடிவமான ஓப்பன்ஜேடிகே 2020இல் மெர்க்குரியலிலிருந்து கிட்டுக்கு மாறியபோது சொன்ன காரணங்களில் ஒன்று அளவு: மெர்க்குரியலில் சுமார் 1.2 ஜிபி பிடித்த வரலாறு கிட்டில் சுமார் 300 எம்பி. நம் பக்கத்து டேட்டா பேக்குக்கு இது சின்ன வித்தியாசமில்லை. 2025இல் ஃபயர்ஃபாக்ஸும் கிட்டுக்கு வந்துவிட்டது.

உண்மையான வேலை வரலாற்றை மாற்றுவதில்தான். அதற்கான 'கிட் எஸ்விஎன்' கட்டளை நெட் வழியே ஒவ்வொரு ரிவிஷனாக (சப்வெர்ஷனில் எண்ணிட்ட பதிவாக) இழுக்கும். பெரிய திட்டத்துக்கு நாள்கணக்காகும். முதலில் 'எஸ்விஎன்சிங்க்' மூலம் உள்ளூர் நகல் எடுங்கள். நகலில் 'ப்ரீ ரெவ்ப்ராப் சேஞ்ச்' ஹுக் (தானாக ஓடும் சிறு நிரல்) இல்லையென்றால் ஆரம்பத்திலேயே நின்றுவிடும். பயனர் பெயர்களுக்கு முழுப்பெயரும் மின்னஞ்சலும் எழுதிய ஆத்தர் பட்டியலில் ஒரு பெயர் விட்டாலும் இறக்குமதி அங்கேயே நிற்கும். ஒரு வெளியீட்டைக் குறிக்கப் போடும் டேக் சப்வெர்ஷனில் வெறும் அடைவு. போட்ட பிறகும் யாராவது அதில் கை வைத்திருப்பார்கள். ஆகவே ஒவ்வொரு டேக்கையும் இரு பக்கமும் எடுத்து டிஃப் பாருங்கள். சப்வெர்ஷன் பக்கம் எக்ஸ்போர்ட்டில் 'இக்னோர் கீவேர்ட்ஸ்' போடாவிட்டால், அது கோப்புக்குள் தானாக நிரப்பும் தேதி, ரிவிஷன் எண் போன்றவை பொய் வித்தியாசமாகக் கொட்டும். காலி அடைவுகள் கிட்டில் வராது. யாரோ என்றோ ஏற்றி அழித்த பெரிய பைனரிகளை, ஹாஷ் எண்கள் வெளியே போகுமுன் 'ஃபில்டர் ரெப்போ' கொண்டு நீக்க வேண்டும். வெளியிட்டபின் செய்தால் எல்லாருடைய குளோனும் வீண். பழைய வழுப் பதிவுகளிலுள்ள ரிவிஷன் எண்கள் அநாதையாகாமல் இருக்க, எல்எல்விஎம், ஜிசிசி ஆகிய கம்பைலர் திட்டங்கள் இரண்டுமே பழைய எண்ணை ஒவ்வொரு கமிட் செய்தியின் அடியிலும் எழுதிவைத்தன. அதைக் காப்பியடிக்கலாம், தப்பில்லை.

தமிழ்க் கோப்புப் பெயர் இருந்தால் இன்னும் கொஞ்சம் வேலை. 'கிட் ஸ்டேட்டஸ்' காட்டும் நிலவரத்தில் பெயருக்குப் பதில் 340, 256 என்று எண்களாகத் தெரிந்தால் 'கோர் கோட்பாத்' அமைப்பை ஃபால்ஸ் ஆக்குங்கள். பழைய மேக்கில் 'ொ' என்ற ஒரே குறி 'ெ', 'ா' என்று இரண்டாகப் பிரிந்து சேமிக்கப்பட்டு, ஒரே பெயரில் இரண்டு கோப்பு நிற்கும். அங்கே 'ப்ரீகம்போஸ் யூனிகோட்' ட்ரூ. யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியாக்கமான டிஸ்கியில் எழுதிய பழைய கோப்புகளை, மாற்றம் முடிந்தபின் தனிக் கமிட்டாக, குறியாக்கம் மாற்றும் ஐகான்வ் கொண்டு யூனிகோடாக்கினால் போதும். லினக்ஸில் அதற்கு ஆதரவு உண்டு.

மொழிபெயர்ப்பு மட்டும் செய்கிறவர்களுக்குச் சப்வெர்ஷனையே விட்டுவைப்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை. லினக்ஸ் மேசைச் சூழலான கேடிஇயின் கோடு கிட்டுக்குப் போயும் மொழிபெயர்ப்புகள் சப்வெர்ஷனில்தான். தமிழ் அடைவை மட்டும் எடுத்து வேலை செய்து திருப்பிக் கொடுக்கலாம். கிட்டில் வேண்டிய அடைவை மட்டும் எடுக்கும் 'ஸ்பார்ஸ் செக்அவுட்'டோடு, கோப்பின் உள்ளடக்கத்தைத் தேவைப்படும்போது மட்டும் இறக்கும் 'பிளாப் நன்' வடிகட்டி சேர்த்து இதைச் செய்யலாம்தான். ஆனால் கோப்பின் பழைய பதிப்பைத் திறந்த கணமே நெட்டைத் தேடும்.