தெபோரி என்று காசு வாங்கி மெஷினில் பச்சை குத்துகிறார்கள், கவனம்

டோக்கியோவில் பச்சை குத்தும் ஒரு கடை. தோளிலிருந்து முழங்கை வரை கெண்டை மீன், நிழல் முழுக்கக் கைவேலை, அதாவது தெபோரி என்று பேசி 60,000 யென் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். மூன்று முறை போய் உட்கார்ந்த பிறகு கையில் இருப்பது முழுக்க மெஷின் வேலை.

படத்தின் வெளிக்கோடுகளை மெஷினில் போடுவதைக் குறை சொல்ல முடியாது. யோகோஹாமாவின் பெயர்பெற்ற பச்சைக் கலைஞர் மூன்றாம் ஹொரியோஷியே வெளிக்கோடுகளுக்கு மெஷின் எடுத்தவர்தான். ஏமாற்று நடப்பது போகாஷியில், கருப்பு கரைந்து சாம்பலாகி மறையும் அந்த நிழலில். கையால் குத்துபவர் இடது கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடிப்பார். அந்த விரல்மேல் நோமி என்ற கம்பி சாய்ந்து ஓடும். ஊசிகள் தோலை லேசாக நெம்பிக்கொண்டு வெளியே வரும்போது 'சக், சக்' என்று கேட்கும். நிழலுக்கு ரீங்காரம் கேட்டால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

இதைவிடப் பெரிய கேடு பின்னணியில். மீனை முடித்துவிட்டு "அலையை அப்புறம் சேர்த்துக்கலாம்" என்றிருக்கிறார்கள். படத்தைக் கையோடு சுற்றிக் கட்டுவதே காகுபோரி எனப்படும் அலையும் காற்றும் மேகமும்தான். அது முடியும் விளிம்பான மிகிரியை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். இங்கே மீனின் வால் முழங்கை மடிப்பில் முட்டிக்கொண்டு நிற்கிறது, அலை திரும்ப இரண்டு விரல் இடம்கூட இல்லை. மேலே செர்ரிப் பூ, கீழே சிவந்த மேப்பிள் இலை. ஒரே கையில் வசந்தமும் இலையுதிர்காலமும்! பழகிய ஹொரிஷி, அதாவது பச்சைக் கலைஞர், காரணமில்லாமல் இப்படிக் கலக்கமாட்டார்.

ஊசியில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மூங்கில் நோமி பார்க்க அழகு, ஆனால் அதைச் சரியாகக் கிருமி நீக்குவது கடினம். எஃகு என்றால் ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் 15 நிமிடம் வைத்து எடுக்கலாம். ஊசி புதிதாக, உங்கள் கண்ணெதிரே உறை பிரிக்கப்பட வேண்டும். ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் ரத்தம் பட்ட ஊசியில் பரவும்.

முன்பணத்துக்கு முன், ஓராண்டாவது ஆன வேலையின் படத்தைக் கேளுங்கள். அன்றைக்குக் குத்தியது எல்லாமே கருகருவென்று நன்றாகத்தான் தெரியும். நிழல் கையிலா மெஷினிலா, மணிக்கு எவ்வளவு என்பதை எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் குறைந்தது ஆறு வாரம் ஆறவிடுங்கள். ஆழமாகக் குத்தி நீலமாகப் பரவிய கோடுகளை நல்ல கை கருப்பு போகாஷிக்குள் அடக்கிவிடும். வால் முட்டி நிற்பதற்கும் வழி உண்டு: பின்னணியை முழங்கைக்குக் கீழே இறக்கி, முக்கால் கை அளவான ஷிச்சிபுவாக மாற்றினால் அலை திரும்ப இடம் கிடைக்கும்.