முருங்கை: விதையா, போத்தா?

வீட்டுக்கு ஒரு மரம் போதும் என்றால் போத்து, அதாவது மரத்திலிருந்து வெட்டி நடும் கிளை. தோட்டமாகப் போட்டு சந்தைக்கு அனுப்புவதென்றால் விதை. இதுதான் என் முடிவு.

முருங்கையில் பெரும்பாலும் அயல் மகரந்தச் சேர்க்கைதான். பக்கத்து மரத்தின் குணமும் விதைக்குள் வந்து சேர்ந்துவிடும். காய் நன்றாக இருக்கிறதே என்று நெற்றை எடுத்துவைத்து ஊன்றினால், முளைப்பது குட்டைக் காயாகவும் இருக்கலாம், கசப்பாகவும் இருக்கலாம். காய்த்த பிறகுதான் தெரியும். போத்தில் அந்தச் சந்தேகமே இல்லை. தாய்மரம் எப்படியோ அப்படியே வரும். யாழ்ப்பாண முருங்கை, மூலனூர் முருங்கை எல்லாம் இப்படிப் போத்து வைத்துத்தான் குணம் மாறாமல் வந்திருக்கின்றன.

ஆனால் பொறுமை வேண்டும். போத்து வைத்து வளர்க்கும் மர முருங்கை முதல் இரண்டு வருஷம் 80, 90 காய்தான் தரும். நாலைந்து வருஷத்தில் 500, 600 வரை போகும். ஆணிவேர் கிடையாது என்பதால் காற்றுக்குச் சாயும் ஆபத்தும் உண்டு.

விதை என்றால் பி.கே.எம்-1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட செடிமுருங்கை. மூன்று மாதத்தில் பூத்து, ஆறு மாதத்தில் காய் பறிக்கலாம். மரத்துக்கு வருஷம் 220 காய் வரை கிடைக்கும். இரண்டரை மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 640 செடி. அத்தனைக்கும் போத்து வெட்ட எங்கே போவது? விதையோ ஒரு பைக்குள் அடங்கிவிடும். குழிக்கு இரண்டு ஊன்றி, திடமானதை மட்டும் விட்டு மற்றதைப் பிடுங்கிவிடுங்கள். இரண்டரை அடி உயரத்தில் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்கும். அறுவடை முடிந்ததும் தரையிலிருந்து மூன்றடி விட்டு வெட்டினால் மறுதாம்பு, அதாவது மறுபடி துளிர்த்துக் காய்ப்பது, இரண்டு மூன்று வருஷம் ஓடும். அப்புறம் புதிதாகத்தான் போட வேண்டும். அப்போது சொந்தத் தோட்டத்து நெற்றை நம்பாமல் நல்ல விதையாக வாங்குவது நல்லது. சுற்றிலும் நாட்டு முருங்கை இருந்தால் கட்டாயம் வாங்க வேண்டும்.

போத்துக்குத் தாய்மரம் தேடும்போது ஒரு பருவத்துக் காயைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு வருஷம் காய்த்ததைப் பார்த்து, சமைத்துச் சாப்பிட்டு, சதைப்பற்று பிடித்திருந்தால் கேளுங்கள். காய்ப்பு ஓய்ந்து, கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யும் சமயத்தில் மணிக்கட்டுப் பருமனில், மூன்று நாலு அடி நீளக் கிளையாக வாங்கி, மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகும்படி நட்டு, மேல் நுனியில் சாணி அப்பிவிடுங்கள். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். மேடான இடமாகப் பாருங்கள்.