குளிர்காலத் தேன்பெட்டி: கறுப்பு உறையா, தெர்மாகோல் பெட்டியா?

இந்த நவம்பரிலும் என் மரப்பெட்டிகளுக்குக் கறுப்பு உறைதான் போட்டேன். கனடாவின் ஒன்டாரியோவில் தேனீ வளர்க்கத் தொடங்குபவர்கள் முதல் குளிர்காலத்துக்கு முன் கேட்பது இதுதான்: மரப்பெட்டியைப் போர்த்தினால் போதுமா, தெர்மாகோல் பெட்டியே வாங்கிவிடலாமா, இல்லை கட்டடத்துக்குள் தூக்கி வைத்துவிடலாமா? நான் உறையின் பக்கம். காரணம் குளிர் இல்லை, ஈரம்.

குளிரைத் தேனீக்களே பார்த்துக்கொள்ளும். வெளியே மைனஸ் 20 என்றாலும் பந்தாகத் திரண்டு, பறக்கும் தசைகளை அதிரவைத்து நடுவில் சூடு உண்டாக்கிவிடும். அதற்கு எரிபொருள் தேன். ஒரு கிலோ தேன் செலவானால் 600 மில்லிக்கும் மேல் தண்ணீர் ஆவியாக வெளிவரும். வசந்தம் வரை 20 கிலோ தின்றால் 12 லிட்டருக்கு மேல்! அந்த ஆவி மேலே போய், மூடி சில்லென்று இருந்தால் அங்கேயே துளியாகித் தேனீக்கள் மேல் சொட்டும். காய்ந்த தேனீ தாங்கும் குளிரை நனைந்த தேனீ தாங்காது.

அதனால் நான் முதலில் பார்ப்பது மூடியைத்தான். உள்மூடிக்கு மேல் 5 சென்டிமீட்டர் ஃபோம் பலகை, பக்கங்களில் கறுப்பு உறை, மேலே விரல் நுழையும் அளவு ஒரு துளை, பெட்டி வாசல் பக்கம் லேசாகச் சரிந்திருக்க வேண்டும். இப்போது மூடியைவிடப் பக்கச்சுவர் குளிர்ச்சியாக இருப்பதால் ஈரம் சுவரில் படிந்து வழிந்து வாசல் வழியே போய்விடும். ஜனவரியில் கொஞ்சம் இளகும் நாளில் மூடியைச் சற்றே தூக்கிப் பார்த்தால், அதன் அடிப்பக்கம் காய்ந்திருக்கும், மேல்துளையின் விளிம்பில் மட்டும் பனி பூத்திருக்கும். அப்படி இருந்தால் சரி.

கறுப்பு நிறத்துக்கு இன்னொரு பயன் உண்டு. வெயிலை இழுத்துப் பெட்டியைச் சூடாக்கும். வாரக்கணக்கில் மலத்தை அடக்கி வைத்திருக்கும் தேனீக்கள், இதமான நாளில் வெளியே வந்து கழித்துவிட்டுத் திரும்பும். பெட்டிக்கு முன்னால் பனியில் மஞ்சள் புள்ளிகளைக் கண்டால் எனக்கு அத்தனை சந்தோஷம்.

தெர்மாகோல் பெட்டி என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கனம் குறைவு, சூடு நன்றாக நிற்கிறது, வசந்தத்தில் கூட்டமும் சீக்கிரம் பெருகியது. பின்லாந்தில் பலரும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் எறும்பும் எலியும் அதைக் குடைந்துவிடும். மரப்பெட்டியின் உட்புறத்தைத் தீயால் வாட்டிச் சுத்தம் செய்வதுபோல இதைச் செய்யவும் முடியாது.

கட்டடத்துக்குள் வைப்பது கியூபெக்கில் பெரிய பண்ணைகள் செய்வது. இருட்டு, காற்றோட்டம், 4 அல்லது 5 டிகிரி, எல்லாம் கலையாமல் இருக்க வேண்டும். தேன் செலவு குறையும் என்கிறார்கள். நான் செய்து பார்த்ததில்லை. நாலைந்து பெட்டிக்காரர்களுக்கு அது தேவையும் இல்லை.

வாசலில் எலித்தடுப்பு, உறைபனிக்கு முன் கெட்டியான சர்க்கரைப் பாகு, இதெல்லாம் எந்தப் பெட்டிக்கும் பொது. தேனீக்கள் மேல் ஒட்டி வாழும் வரோவா உண்ணிக்கு மருந்து மட்டும் ஆகஸ்டைத் தாண்டித் தள்ளிப்போடாதீர்கள். குளிர்காலத்தைக் கடக்கப்போகும் தேனீக்கள் அப்போதுதான் அடையில் வளரத் தொடங்குகின்றன.

மரப்பெட்டி ஏற்கெனவே இருந்து, கையில் காசு குறைவென்றால், உறையைக்கூட அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம். ஃபோம் பலகையை இந்த வருடமே வாங்கி மூடிக்கு மேல் வைத்துவிடுங்கள்.